முகவரி இல்லாத உதவி

தமிழ்நாட்டில் இளையோருக்கும் குடும்பங்களுக்கும் மனநல உதவியே கிடையாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட அதன் குழு, தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறித்த நாள்களில் வந்து நோயாளிகளைப் பார்க்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை பெறலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, போதைப் பழக்கத்துக்கு 14446, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்று எண்கள் இருக்கின்றன. சென்னையில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1980 முதல் குடிநோயாளிகளுக்கும், ஸ்கார்ஃப் 1984 முதல் மனச்சிதைவு நோயாளிகளுக்கும், ஸ்நேகா 1986 முதல் தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்களுக்கும் உதவி வருகின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர்களும், ஒருங்கிணைந்த சேவை மையமும் உண்டு. இத்தனையும் இருக்க, பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட ஒரு வீட்டில், நாளைக் காலை எந்த ஊருக்கு, எந்தக் கட்டடத்துக்கு, யாரைப் பார்க்கப் போவது என்பது தெரிவதில்லை. உதவியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை, அதற்குத் தெம்பே இல்லாத குடும்பத்தின் தலையில் வைத்திருக்கிறோம். அந்த வேலையை அரசும் பள்ளியும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

2015-16இல் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. மனநலக் குறைபாடு உள்ள பெரியவர்களிடையே, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை எதுவும் பெறாமல் இருந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் மட்டும் நாடு முழுவதும் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். உதவி போய்ச் சேராததற்கு மருத்துவர் பற்றாக்குறை, பணம், தூரம், வெட்கம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்குள் வரும் துன்பம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அப்பா குடிக்கிறார், அம்மா அடி வாங்குகிறார், பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான். அந்த வீட்டுக்கு இது ஒரே பிரச்சினை. அரசுக்கோ, இது சுகாதாரத் துறை, சமூக நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை, சில நேரம் மகளிர் காவல் நிலையம் என்று நான்காகப் பிரிந்துவிடுகிறது. பெரும்பாலும் பையனைத்தான் நோயாளி என்று யாரிடமாவது அழைத்துப் போவார்கள். அவனுக்குத் தூக்க மாத்திரை எழுதித் தருபவருக்கு, அவன் அப்பாவைக் குடிநோய் மருத்துவமனைக்கு அனுப்புவது தன் வேலை என்று தோன்றாது. இந்த நான்கு கதவுகளையும் அறிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாதவரை, இன்னும் ஓர் எண்ணை அறிவிப்பதால் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

மக்கள் போகத் தயங்குகிறார்கள், விழிப்புணர்வு இல்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். ஆனால் மக்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மந்திரிக்கப் போகிறார்கள், குணசீலம் கோயிலுக்குப் போகிறார்கள், ஏர்வாடி தர்காவுக்குப் போகிறார்கள். கடன் வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, மண்டலக் கணக்கில் தங்குகிறார்கள். வழி தெரிந்த இடத்துக்கு எவ்வளவு தூரமானாலும் போகும் மக்களை அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு அத்தகைய காப்பகங்களுக்கு மூடுவிழாக்கள் நடந்தன. அதைவிடப் பயன் தந்த பாடம் வேறு இடத்திலிருந்து வந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில், வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்கும்படி செய்தார்கள். தொழுகையை விடச் சொல்லவில்லை. தர்காவைக் கவனிக்கும் முஜாவர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. ஏற்கெனவே நம்பிக்கையோடு வந்து நிற்கும் இடத்தில் வழிகாட்ட ஒருவர் இருந்தால், பலர் அந்த வழியில் நடப்பார்கள். இளையோர் விஷயத்தில் அப்படிப்பட்ட இடம் பள்ளிக்கூடம். குடும்பங்களைப் பொறுத்தவரை, அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும்.

கைப்பேசி இல்லாத வீடு இல்லை, ஓர் எண் போதாதா என்று கேட்கலாம். எண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நடுநிசியில் உயிரை விடும் எண்ணம் வந்த ஒருவருக்கு 14416ஐவிடப் பக்கத்தில் வேறு எதுவும் இருக்காது. அந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் தொலைபேசியில் ஒருவரோடு ஒருமுறை பேசித் தீர்வது சில துன்பங்கள் மட்டுமே. வாராவாரம் போய் உட்கார வேண்டியவை பல. சிலவற்றுக்கு மருந்தும் வேண்டும். அப்போது அந்த அழைப்பு ஒரு கட்டடத்தில், ஒரு கிழமையில், ஓர் ஆளிடம் போய்ச் சேர வேண்டும். தவிர, துவண்டுபோன பிள்ளை தானாக எண்ணை அழுத்தாது. 2021இல் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டபோது, தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை 104 வழியாக அழைத்துப் பேசும் ஏற்பாட்டைத் தமிழக அரசு தொடங்கியது. அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நாமே கூப்பிடுவது என்ற அந்த எண்ணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு தேர்வுக்காகச் செய்ய முடிந்ததை ஒவ்வோர் ஊருக்கும் நிரந்தரமாக்குவதில் என்ன தடை?

ஆள் இல்லை என்பதுதான் வலுவான மறுப்பு. இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. வழியைக் காட்டிவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் பூட்டுத் தொங்கினால் அது இரட்டைக் கொடுமை. ஆனால் எல்லாத் துன்பத்துக்கும் மருத்துவர் தேவையில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்காத் அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. 2018இல் லான்செட் இதழில் அது வெளியானது. சில பள்ளிகளில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர் ஒருவரை இதற்கென்றே அமர்த்தினார்கள். வேறு சில பள்ளிகளில் அதே வேலையை ஓர் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் கொடுத்த இடத்தில் பலன் தெரியவில்லை. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவரால் இதைச் செய்ய முடியும் என்பதோடு, ஏற்கெனவே ஆயிரம் வேலை சுமக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டினால் நடக்காது என்பதும் இதில் தெரிகிறது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. ஆசிரியர் ஒருவரின் பெயரை ஆலோசகர் என்று பலகையில் எழுதிவிட்டு அந்த நெறிமுறையைக் கடந்துபோய்விடக் கூடாது என்பது என் கவலை.

இனி, வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயப்படுகிற தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனநல மருத்துவமனை இருப்பதாலேயே கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே கேலிக்கு வைத்திருக்கிற சமூகம் நாம். நோயாளியைப் பற்றிய தகவலை வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் அது யாருக்கும் எடுத்துச் சொல்லப்படவில்லை. இளையோர் கேட்க நினைக்கும் கேள்விகள் இவைதாம்: அப்பா அம்மாவிடம் சொல்வீர்களா, பள்ளிக்குத் தெரியுமா, பெயர் பதிவாகுமா, பெண் ஆலோசகர் இருக்கிறாரா? இவற்றுக்கு முதல் நிமிடத்திலேயே நேர்மையான பதில் சொல்ல வேண்டும். பாலியல் கொடுமை பற்றிச் சிறுமி ஒருத்தி சொன்னால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. எதைக் காப்பாற்ற முடியும், எதை முடியாது என்று முன்கூட்டியே சொல்லும் இடத்தைத்தான் ஒரு பிள்ளை நம்பும்.

ஆகவே வேண்டியது ஒன்றியம்தோறும் ஒரு தாள். மனநலக் குழு எந்தக் கிழமை எந்த மருத்துவமனைக்கு வருகிறது, எத்தனை மணி வரை, எந்த அறை, எந்தப் பேருந்து, கட்டணம் உண்டா, பெற்றோர் வர வேண்டுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குடிநோய்க்கு எங்கே, வீட்டு வன்முறைக்கு எந்தப் பாதுகாப்பு அலுவலர், வளர்ச்சி தாமதமான குழந்தைக்கு மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையம் எங்கே என்பவையும் அதிலேயே வர வேண்டும். யார் வேண்டுமானாலும் ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளும் காலம் இது. சரிபார்க்காமல் ஒரு பெயரும் அதில் ஏறக் கூடாது. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வேலையல்ல. எண்கள் மாறும், ஆள்கள் மாறுவார்கள், தாள் பழசாகிவிடும் என்பார்கள். ஆகத்தான் செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் எண்ணையும் அழைத்துப் பார்த்துத் திருத்துவதை மாவட்ட மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளருடைய கடமைகளில் ஒன்றாக எழுதிவைக்கலாம். திருத்திய தாள் வட்டார வள மையம் வழியாகப் பள்ளிகளுக்கும், கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக வீடுகளுக்கும் போகட்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் இப்போதே பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகின்றன. அந்த மதிப்பெண்களுக்குக் கீழே, அந்த மாணவரின் ஒன்றியத்துக்கு உரிய மருத்துவமனையின் பெயரையும் மனநலக் குழு வரும் கிழமையையும் சேர்த்து அனுப்ப ஓர் அரசாணை போதும்.