இடம் பெற்ற நாம் இடமளிக்க வேண்டும்: நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



நமது நகரியத்தில் வெகுகாலமாகத் தரிசாய்க் கிடக்கும் நிலமொன்றிலே, வருமானம் குறைந்த குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்கத்தக்க அடுக்கு வீடுகளைக் கட்டும் யோசனை நகர மன்றத்தின் விசாரணைக்கு வரவிருப்பதையும், அதனை எதிர்த்து வீடுதோறும் கையெழுத்து வாங்கப்பட்டு வருவதையும், அக்கையெழுத்துகளில் நம்மவர் பெயர்களும் கணிசமாக இருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். கையெழுத்திட்டவர்களை நிந்திப்பது எங்கள் நோக்கமன்று. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் இட்டு வாங்கிய வீட்டின் விலை இறங்கிவிடுமோ, பள்ளிக்கூடங்களில் நெரிசல் மிகுந்துவிடுமோ, நாட்டிலேயே மிக அதிகமான சொத்துவரி செலுத்தும் மாநிலத்தாராகிய நாம் இன்னும் அதிகம் செலுத்த நேருமோ என்னும் அச்சங்கள் குடும்பஸ்தர் எவருக்கும் எழக்கூடியவையே. ஆயினும், அச்சத்தை உண்மையோடு வைத்துப் பார்த்த பின்னரே தீர்மானத்துக்கு வருவது பொறுப்புள்ள பிரஜைகளின் கடமையாதலால், இவ்விண்ணப்பத்தைப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

இந்த விவாதம் நம் ஊரில் இன்று முளைத்ததன்று. இம்மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள மவுண்ட் லாரல் நகரியத்தில், பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்தும், கோழிக்கொட்டகைகளைத் திருத்தியமைத்த இடங்களில்கூடக் குடியிருக்க நேர்ந்த கறுப்பின மக்கள், 36 அடுக்கு வீடுகள் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டினார்கள். 1970-இல் அவர்களுடைய தேவாலயத்துக்கே வந்த நகரத் தலைவர், இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். அவர்களுள் ஒருவரான எதெல் லாரன்ஸ் அம்மையாரும் மற்றவர்களும் 1971-இல் வழக்குத் தொடுத்தனர். பெரிய மனைகளில் தனி வீடுகளுக்கே இடங்கொடுத்து, அடுக்கு வீடுகள் வந்தால் அவற்றில் பள்ளிப் பிள்ளைகள் பெருகாதபடி படுக்கையறைகளுக்கும் வரம்பு கட்டிய அந்நகரியத்தின் மண்டல விதிகளை ஆராய்ந்த மாநில உச்ச நீதிமன்றம், வளர்ந்துவரும் ஒவ்வொரு நகரியமும், தான் சார்ந்த வட்டாரத்தின் வீட்டுத் தேவையிலே தனக்குரிய நியாயமான பங்கை ஏற்க வேண்டுமென்று 1975-இல் தீர்ப்பளித்து, 1983-இல் அதனை மேலும் வலுப்படுத்தியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், செல்வம் மிக்க நகரியங்கள் தங்கள் பங்கில் பாதிவரையில் பணங்கொடுத்து வேறோர் ஊருக்குத் தள்ளிவிட இருந்த வழியும் 2008-இல் அடைக்கப்பட்டது. 2024-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2025 ஜூலையில், நகரியங்களின் பங்கைப் பத்தாண்டுக் காலத்துக்கு நிர்ணயிக்கும் நான்காம் சுற்றுத் தொடங்கியிருக்கிறது. ஆகவே, இது நமது நகரியத்துக்கு மட்டும் விதிக்கப்பட்ட சுமையன்று; மாநிலம் முழுவதற்கும் பொதுவான தர்மம்.

நம் அச்சங்களுக்கும் மவுண்ட் லாரலிலேயே விடை கிடைத்திருக்கிறது. லாரன்ஸ் அம்மையார் 1994-இல் காலமானார். அவர் பெயர் தாங்கிய குடியிருப்பு 2000-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்த விசாரணைகளிலே, இன்று நாம் கேட்கும் அதே ஆட்சேபங்கள் அதே ஆவேசத்துடன் எழுப்பப்பட்டன. பின்னர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் அவருடைய சகாக்களும், அந்நகரியத்தை அக்கம்பக்கத்து நகரியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட நூலிலே, அக்குடியிருப்பினால் குற்றங்கள் பெருகவுமில்லை, வீடுகளின் மதிப்புக் குறையவுமில்லை, வரி உயரவுமில்லை என்று கண்டறிந்து கூறினர். அங்கே குடியேறியவர்களோ உத்தியோகத்திலும் வருமானத்திலும் முன்னேறினர். அவர்களுடைய பிள்ளைகள் தரமான பள்ளிகளில் சேர்ந்து, படிப்பில் ஊன்றி நின்றனர்.

அவ்வீடுகளுக்கு வரப்போகிறவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேற்படாத வருமானமுடையவர்களுக்கே இவை உரியவை; இவற்றுள் ஒரு பகுதி 50 விழுக்காட்டுக்கும் மேற்படாதவர்களுக்கு உரியது. நம் குழந்தைகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர், வகுப்பில் ஆசிரியைக்குத் துணை நிற்கிறவர், ஊரிலிருந்து வந்த நம் தாய் தந்தையரை மருத்துவமனையில் தூக்கி உட்கார்த்திப் பராமரிக்கிற பணிப்பெண் ஆகியோரெல்லாம் இந்த வருமானத்தைக் கொண்டே வாழ்கிறவர்கள். நம்முள்ளும் கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்களும், உத்தியோகம் போனபின் வாடகைக்கு அல்லாடும் குடும்பங்களும் இல்லாமலில்லை.

நாம் மறக்கலாகாத கடன் ஒன்றுண்டு. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம், மதம், பிறந்த தேசம் ஆகியவற்றைக் கொண்டு பேதம் காட்டலாகாதென்று விதித்த 1968-ஆம் ஆண்டுச் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் கையெழுத்தானது. கறுப்பின மக்கள் இரத்தம் சிந்திப் பெற்ற அந்த உரிமையின் நிழலிலேதான், நாம் விரும்பிய நகரியத்தில், விரும்பிய பள்ளிக்கு அருகே வீடு வாங்கிக் குடியேறினோம். ஊர் வேறு, சேரி வேறு என்று மனிதரைப் பிரித்துக் குடியமர்த்திய அநீதி நம் தாய்நாட்டில் எத்தனை தலைமுறைகளின் கல்வியையும் மானத்தையும் பறித்ததென்பதை நமக்கு வேறொருவர் வந்து போதிக்க வேண்டியதில்லை. அதை அறிந்த நாமே, இங்கே வருமானத்தைக் காட்டி அதே எல்லைக்கோட்டைக் கிழிக்கத் துணைபோவது தகுமா?

ஆதலால் நாங்கள் வேண்டுவன இவை. எதிர்ப்பு மனுவில் இன்னும் கையெழுத்திடாதவர்கள் அதனைத் தவிர்க்க வேண்டும். இட்டவர்கள் மறுபரிசீலனை செய்து, தங்கள் பெயரை நீக்கிக்கொள்ள மன்றத்துக்கு எழுத வேண்டும். நகரியத்தின் வீட்டுத் திட்ட அறிக்கையை வாங்கிப் படித்து, விசாரணை நாளன்று குடும்பத்தோடு வந்து, பொதுமக்களுக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் இரண்டு வார்த்தை ஆதரவாகப் பேச வேண்டும். மழைநீர் வடிகால், போக்குவரத்து, பள்ளியின் கொள்ளளவு, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் நாம் குடியிருக்கும் வீடுகள் எழுந்தபோது இக்கேள்விகள் எந்த அளவில் கேட்கப்பட்டனவோ அந்த அளவிலேயே கேளுங்கள். கட்டடம் நன்றாக அமைவதற்காகக் கேட்கும் கேள்வி நகரியத்துக்கு அனுகூலம் செய்யும். கட்டடமே எழாதிருப்பதற்காகக் கேட்கும் கேள்வி ஒரு குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பறிக்கும்.

இந்நகரியம் நம்மை ஏற்றுக்கொண்டது. அதன் மன்றத்தில் இன்று நம் குரலுக்கும் மதிப்பு இருக்கிறது. அக்குரல் கதவடைக்கும் பக்கத்தில் ஒலிக்காமல், இடமளிக்கும் பக்கத்தில் ஒலிக்க வேண்டுமென்று உங்களை மனமார வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
இந்நகரியத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர்