உருக்கோ பிளாஸ்டிக்கோ, கணக்கு எங்கே?

கைத்துப்பாக்கியின் உடற்சட்டம் உருக்கினால் ஆனதாக இருத்தல் நன்றா, பிளாஸ்டிக்கினால் ஆனதாக இருத்தல் நன்றா என்னும் வழக்கு உலகில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடலை நம்பியும் வயலை நம்பியும் வாழும் நமக்கு இந்த வழக்கினால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். ஆவது உண்டு. துப்பாக்கியைச் செய்தவன் அதன் எடையைப் பேசுகிறான். விற்பவன் விலையைப் பேசுகிறான். அதன் முன்னால் நின்று பழகிய மக்கள் பேசவேண்டியது வேறொன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

உடற்சட்டம் என்பது பிடியையும் விசையையும் ரவைக்கூட்டையும் தாங்கி நிற்கும் கீழுடல். 1911ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலில் அது உருக்கு. அதன் எடை ஏறத்தாழ 1,100 கிராம். ரவைக்கூட்டில் ஏழு ரவைகள். 1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனம் பிளாஸ்டிக் உடற்சட்டம் கொண்ட பிஸ்டலை வெளியிட்டது. அது பெரிதும் பரவவில்லை. திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துவந்த ஒஸ்திரிய நாட்டுப் பொறியியலாளர் கஸ்டன் குளொக் என்பவரின் பிஸ்டலை 1982இல் அந்நாட்டு இராணுவம் ஏற்றதன் பின்னரே காலம் மாறியது. நைலோன் இனத்தைச் சேர்ந்த பொலிமரால் ஆன அவ்வுடலோடு, ரவைக்கூடு நீங்கலாக, அதன் எடை ஏறத்தாழ 630 கிராம். ரவைகளோ பதினேழு. 2017இல் அமெரிக்க இராணுவமும் பொலிமர்ப் பிஸ்டலுக்கே மாறிற்று.

இரு கட்சியிலும் நியாயம் உண்டு. உருக்கின் பாரம் சுடும்போது கையில் ஏற்படும் உதைப்பைத் தணிக்கின்றது. தேய்ந்த இடத்தை அரம் கொண்டு சீர்செய்யவும் இடம் தருகின்றது. பொலிமர் அச்சில் வார்க்கப்படுவதால் செலவு குறைவு. நாள் முழுதும் இடுப்பில் சுமப்பவனுக்கு இலேசு. அனைத்திற்கும் மேலாக, துருப்பிடிப்பதில்லை. துருவைப் பற்றி நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் கரையில் ஆணியும் அரிக்கும், கூரைத் தகடும் அரிக்கும். மரத்தோணியை விட்டுக் கண்ணாடியிழைப் படகுக்கு மாறிய மீனவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு ஏற்கனவே தெரியும்.

ஆனால் படகு வேறு, துப்பாக்கி வேறு. படகு நெடுநாள் உழைத்தால் ஊருக்கு இலாபம். துப்பாக்கி நெடுநாள் உழைத்தால் யாருக்கு இலாபம்? மண்ணிலும் கூரையிலும் மறைத்து வைக்கப்பட்ட ஆயுதங்களுக்கு உப்புக் காற்று சம்பளம் வாங்காத எதிரியாக இருந்து வந்தது. பொலிமர் உடலில் அதன் பல் பதிவதில்லை. உருக்காகவே எஞ்சியுள்ள குழலையும் மேற்பாகத்தையும் கூட இக்காலத்து மேற்பூச்சுகள் வெகுவாகக் காக்கின்றன. துருவை நம்பி இருக்கும் காலம் போயிற்று.

பிளாஸ்டிக் துப்பாக்கி சோதனைக் கருவிகளை ஏமாற்றிவிடும் என்ற அச்சம் 1980களில் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. உண்மையில் குளொக்கின் எடையில் பெரும்பகுதி உருக்கே. எனினும் 1988இல் அந்நாடு, உலோகச் சோதனைக்குத் தப்பும் துப்பாக்கிகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2013இல் முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்க்கப்பட்ட கைத்துப்பாக்கி வெளிவந்தபோது அந்தச் சட்டத்தின் தேவை மீண்டும் உணரப்பட்டது.

நம் நாட்டு அனுபவம் யாது? 1959 செப்டெம்பரில் பிரதமர் பண்டாரநாயக்காவின் உயிரைக் குடித்தது றிவோல்வர். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள், கூண்டில் நின்ற சந்தேகநபர் சுட்டுக் கொல்லப்பட்டார். உள்ளே குடையப்பட்ட புத்தகம் ஒன்றில் ஒளிந்து வந்ததும் றிவோல்வரே. நீதி தேவதையின் வாசலில் உலோகம் உலோகமாகவே நுழைந்தது, தடுப்பார் இல்லை. ஆகவே, குற்றம் பிளாஸ்டிக்கின் மீதும் அன்று, உருக்கின் மீதும் அன்று, காவலின் மீதே.

இங்கேதான் உடற்சட்டத்தின் உண்மையான முக்கியத்துவம் விளங்குகின்றது. ஒரு துப்பாக்கிக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் அதன் தொடர் இலக்கம். குளொக் செய்தவர்கள் பொலிமர் உடலுக்குள் ஒரு சிறு உலோகத் தகட்டைப் பதித்து அதிலே இலக்கத்தைப் பொறித்தார்கள். அமெரிக்க இராணுவம் 2017இல் ஏற்ற பிஸ்டலின் அமைப்பிலோ, வெளியே தெரியும் பிளாஸ்டிக் பிடியுடலைச் சட்டையைப் போல் கழற்றி மாற்றலாம். இலக்கம் தாங்குவது உள்ளே இருக்கும் உலோகக் கூடுதான். வீட்டில் அச்சிடப்படும் துப்பாக்கிக்கோ இலக்கமே இல்லை. தகடு எவ்வளவு சிறிதாயினும், சட்டம் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தத் தகட்டை. அதற்கு எதிரே ஒரு பெயரும், பெயருக்கு எதிரே ஒரு பொறுப்பும் இல்லையேல், அத்தகடு வெறும் தகரம்.

கிழக்கு மக்களாகிய நாம் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஊரைக் காக்கவென ஆயுதம் பெற்ற ஊர்காவற்படையினர் மீதே அங்கு குற்றம் சாட்டப்பட்டது. யார் கையில் எத்தனை ஆயுதம், எவர் உத்தரவில், எந்தப் பொறுப்பில் என்று கேட்க ஆளில்லாத காலத்தில் இரு சமூகத்தாரும் ஒரே மண்ணில் பிணம் சுமந்தோம்.

அது யுத்த காலம் என்பர். யுத்தம் 2009இல் முடிந்தது. 2018 நவம்பர் 30ஆம் திகதி மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச் சாவடிக் கடமையிலிருந்த இரு பொலிஸார் கொல்லப்பட்டு, அவர்களுடைய ஆயுதங்கள் அபகரிக்கப்பட்டன. ஐயம் உடனே பழைய திசையிலே பாய்ந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகிச் சிறையில் வாடினார். ஐந்து மாதம் நிறையுமுன் 2019 ஏப்ரல் 21 வந்தது. அதைச் செய்த கூட்டத்தாரே வவுணதீவிலும் கை வைத்தவர் என்பது பின்னரே வெளிப்பட்டது. ஏப்ரல் 26இல் நமது சாய்ந்தமருதிலே ஒரு வீடு வெடித்துச் சிதறியது. மாண்டோரில் குழந்தைகளும் அடங்குவர். காணாமற்போன ஆயுதங்களின் தடத்தை இனம் பாராது, முன்முடிவின்றித் தேடியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? உறுதியாக உரைப்பார் எவருமில்லை. ஆயின் தேடவேண்டிய திசையில் தேடவில்லை என்பது மட்டும் உறுதி. அதன் பின்னர் அவமானத்தையும் சோதனையையும் சுமந்தது இக்கரையின் முஸ்லிம் மக்கள். அதற்கு முன் சுமந்தது ஒரு தமிழ்க் குடும்பம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் நூறு வயதைக் கடந்து நிற்கின்றது. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும் என்பதும் நடைமுறையே. 2024 நவம்பரில், தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒருமுறை எண்ணிப் பெட்டியில் இடுவது கணக்காகாது. அரசியல்வாதிக்கும் அவர் மெய்க்காவலருக்கும் வழங்கப்பட்டவை எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை என்பதை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் பாராளுமன்றத்தின் முன் வைத்தல் வேண்டும். பொலிஸாரிடமிருந்தோ படையினரிடமிருந்தோ ஒரு துப்பாக்கி தொலைந்தால், அந்த இலக்கம் மீட்கப்படும் வரை அவ்விசாரணை மூடப்படலாகாது. இலக்கமற்ற அச்சுத் துப்பாக்கியைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி ஒன்றும் 1916இன் சட்டத்தில் சேர்க்கப்படல் வேண்டும்.

எங்கள் ஊருக்கும் ஆயுதம் தாருங்கள் என்று கேட்கும் குரல் இடர் வரும்போதெல்லாம் எழும். அச்சத்தில் பிறக்கும் அக்குரலை நாம் இகழவில்லை. ஆயினும் 1990 நமக்குக் கற்பித்தது என்ன? கணக்கற்ற துப்பாக்கி இன்று நம் கையில் இருந்தால், நாளை எவர் கையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கல்முனை கேட்கவேண்டியது துப்பாக்கியை அன்று, துப்பாக்கியின் கணக்கை. அதைத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குரலில் கேட்பாராயின், கொழும்பு பதில் சொல்லியே தீரவேண்டும்.