தலையை இழந்த கல்யாணப் படம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்கத்து அன்பர் ஒருவர், மடிக்கணினியை மார்போடு அணைத்தவாறு நம் இல்லம் வந்து சேர்ந்தார். இரண்டு இரவுகள் உறங்காத அடையாளம் முகத்தில் தெரிந்தது. காப்பி வேண்டுமா என்று கேட்பதற்குள், "தம்பி, அப்பாவுக்குத் தலையே இல்லை" என்றார்.

விஷயம் இதுதான். அன்பரின் தாயாருக்கு எண்பதாம் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று உறவினரும் நண்பரும் கூடியிருக்கையில் திரையிடுவதற்கென்று இருபது நிமிடப் படம் ஒன்றைத் தாமே தொகுத்து வந்தார். தந்தையார் 2011-இல் காலமானவர். அவர் நடமாடிச் சிரித்துப் பேசும் காட்சி அக்குடும்பத்தில் ஒன்றே ஒன்றில்தான் உண்டு. 1996-இல் நடந்த மூத்த மகளின் கல்யாணத்தைப் பதிவு செய்த வீடியோ கேசட்டு. அதைக் கணினிக் கோப்பாக மாற்றி, கைப்பேசியில் அண்மையில் எடுத்த காட்சிகளோடு இணைத்திருந்தார். வேலை முக்கால் பங்கு முடிந்த நிலையில் தொகுப்பு மென்பொருள், "புதிய பதிப்பு வந்துள்ளது" என்று அறிவிக்க, அவரும் ஆகட்டும் என்று அழுத்திவிட்டார். மறுபடி திறந்து பார்த்தால் கேசட்டுக் காட்சிகளில் எல்லாருக்கும் தலையும் காலும் போய் இடுப்பு மட்டுமே எஞ்சியிருந்தது. கைப்பேசிக் காட்சிகளோ நேர்மாறாகச் சிறுத்து, நாற்புறமும் கறுப்புச் சூழ, நடுவில் தபால் தலை போல் நின்றன.

இரண்டும் வேறு வேறு நோய் என்று எண்ணி அன்பர் ஒவ்வொரு துண்டாகத் திறந்து கையால் திருத்தத் தொடங்கியிருக்கிறார். மொத்தம் எழுபது துண்டுகள். அவற்றில் முப்பத்தெட்டைத் திருத்திவிட்டுத்தான் நம்மிடம் வந்தார்.

அந்த மென்பொருளின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எதிலும் நேரக்கூடியதே இது. நாம் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்தோம். படம் தொகுக்கப்படும் சட்டம், அதாவது டைம்லைனின் அளவு, அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி. கைப்பேசிக் காட்சி 3840-க்கு 2160. கேசட்டுக் காட்சி 720-க்கு 576. இம்மூன்றையும் எழுதிப் பாராமல் இத்தகைய கோளாற்றில் கை வைப்பது வீண்.

சட்டத்தைவிடப் பெரிய காட்சியும் சிறிய காட்சியும் உள்ளே வரும்போது மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? அதற்கு விருப்பங்கள் உண்டு. அளவை மாற்றாது உள்ளபடியே நடுவில் வைப்பது ஒன்று. முழுக் காட்சியும் அடங்குமாறு தானே குறைத்தோ கூட்டியோ பொருத்துவது மற்றொன்று. சட்டம் நிரம்பும் வரை பெரிதாக்கி, மிஞ்சியதை வெட்டிவிடுவது இன்னொன்று. நான்கு மூலைக்கும் இழுத்துப் பரப்புவது கடைசி. அதைப் பற்றிப் பின்னர் கூறுவோம், ஏனெனில் அதனால்தான் அன்பர் வீட்டில் ஒரு சிறு கலகமே விளைந்தது.

பழைய பதிப்பில் அன்பருடைய கோப்பு "உள்ளபடியே வை" என்ற விருப்பத்தில் இருந்தது. ஆகவே பெரிய கைப்பேசிக் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே தெரிந்தது. அவர் அதை 50 விழுக்காடாகக் குறைத்துப் பொருத்தினார். கேசட்டுக் காட்சி சிறியதாய் நின்றது, அதை 187.5 விழுக்காடாகப் பெருக்கினார். 1080-ஐ 576-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்குச் சரியே. புதிய பதிப்பு இக்கோப்பைத் திறந்தபோது அந்த ஒரு விருப்பத்தை "முழுவதும் அடங்கப் பொருத்து" என்று மாற்றிக்கொண்டது. இப்போது கைப்பேசிக் காட்சி தானாகவே பொருந்திவிட்டது. அதன்மேல் அவர் முன்பு எழுதிய 50 மறுபடி வேலை செய்ய, பாதியாகச் சுருங்கியது. கேசட்டும் தானாகவே பொருந்தியது, அதன்மேல் 187.5 ஏற, உயரத்தில் ஏறக்குறையப் பாதி சட்டத்துக்கு வெளியே போயிற்று. தந்தையாரின் தலை போன வழி இதுவே.

நம் அலுவலகப் பழக்கத்தில் கூறுவதானால், ஒரே மூட்டைக்கு ஏற்றும் நிலையத்தில் ஒரு தரமும் இறக்கும் நிலையத்தில் ஒரு தரமும் கட்டணம் விதித்தது போன்றது இது. இரு ரசீதையும் அருகருகே வைத்தால் அன்றிப் பிழை தெரியாது.

ஆகவே துண்டு துண்டாகத் திருத்துவது தேவையற்ற உழைப்பு. கோப்பின் பொது அமைப்பில் அவ்விருப்பத்தைப் பழையபடி மாற்றினால் எழுபதும் ஒரு நொடியில் தத்தம் இடத்திற்கு வந்துவிடும். ஆனால் அன்பர் ஏற்கெனவே திருத்திய முப்பத்தெட்டு இருக்கிறதே! விருப்பத்தை மாற்றியதும் அவை கெட்டன, மற்றவை நேராயின. அன்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல வேளையாக, மென்பொருள் அவ்வப்போது தானே எடுத்து வைக்கும் காப்புப் பிரதிகளில் புதுப்பித்தலுக்கு முந்தைய நாளுடையது ஒன்று கிடைத்தது. அதற்கும் ஒரு நகல் எடுத்து, நகலைத் திறந்து, அந்த ஒரு விருப்பத்தை மட்டும் மாற்றினோம். பத்து நிமிட வேலை. இரண்டு இரவுகளை எண்ணி அவர் வருந்தியதை இங்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; இருந்தும் எழுதிவிட்டோம்.

புதுப்பிக்கும் முன் நகல் எடுப்பதில் வேறொரு காரணமும் உண்டு. புதிய பதிப்பில் ஒரு முறை சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறப்பதில்லை. பின்வாங்க நினைத்தாலும் பாதை அடைபட்டிருக்கும்.

வேறு மென்பொருள்களைக் கையாளும் அன்பர்களுக்காகச் சில சொற்கள். டாவின்சி ரிசால்வில் இவ்விருப்பங்கள் புராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் என்ற பக்கத்தில் உள்ளன. பிரீமியர் புரோவின் பல பதிப்புகளில் "ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்", "செட் டு ஃபிரேம் சைஸ்" என்று இரு கட்டளைகள் அடுத்தடுத்து நிற்கும். பெயரில் இரட்டையர், செயலில் அல்லர். முதலாவது காட்சியையே சட்டத்தின் அளவுக்கு மாற்றி வரைகிறது. அதன்பின் ஒரு முகத்தை நெருக்கிக் காட்ட விரும்பிப் பெருக்கினால் படம் மங்கிவிடும். இரண்டாவது விழுக்காட்டு எண்ணை மட்டும் மாற்றுகிறது. மூலத்தின் புள்ளிகள் யாவும் கைவசம் இருக்கும். நெருக்கிக் காட்டும் எண்ணமுடையோர் இரண்டாவதையே கொள்க.

சில வேளை படத்தில் குறையே இராது. முன்னோட்டச் சாளரம் மட்டும் பெரிதாக்கப்பட்டிருக்கும். அல்லது விண்டோஸில் திரை அளவு 125 அல்லது 150 விழுக்காடு என மாறியிருக்கும். பத்து விநாடிப் பகுதியை மட்டும் வெளியிட்டுக் கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ போட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். அங்கும் பிழை இருந்தால், வெளியீட்டு அளவு 1280-க்கு 720 என்று எவ்வாறோ மாறியுள்ளதா என்பதையும் நோக்குக.

இனி, முன் கூறிய கலகம். கேசட்டுக் காட்சியின் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் நிற்பது அன்பருக்குப் பிடிக்கவில்லை. அக்காலத் தொலைக்காட்சித் திரை நான்குக்கு மூன்று. இக்காலத்துத் திரை பதினாறுக்கு ஒன்பது. ஆதலால் 1080 உயரத்தில் அக்காட்சி 1440 புள்ளி அகலமே பெறும். பக்கத்திற்கு 240 புள்ளி கறுப்பாகத்தான் இருக்கும். நம்மிடம் வருவதற்கு முந்தின இரவு, கேசட்டுத் துண்டுகளை மட்டும் நான்கு மூலைக்கும் இழுத்துப் பரப்பித் தாயாருக்குக் காட்டியிருக்கிறார். அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த அம்மையார் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, உங்கள் அப்பாவுக்கு எப்போது இவ்வளவு கன்னம் வைத்தது? ஒரு பிடி சோறு கூடுதலாக உண்ண மாட்டாரே!" என்று கேட்டு, எழுந்து உள்ளே போய்விட்டாராம். தலை இல்லாத குறையைவிட இது அன்பரை அதிகமாக வாட்டியது.

பழைய நகலில் இந்தப் பரப்பல் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். 720-ஐ 576-ஆல் வகுத்தால் ஒன்றேகால் வருகிறது. நான்குக்கு மூன்று என்பதோ ஒன்றும் மூன்றில் ஒன்றும். ஏன் இந்த வேறுபாடு? நம் நாட்டில் வழங்கிய பால் முறையில் (பசும்பால் அன்று, தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையின் பெயர்) புள்ளிகள் சதுரமானவை அல்ல, உயரத்தைவிட அகலம் சற்றுக் கூடியவை. இதனை அறியாத மென்பொருள் அவற்றைச் சதுரமென்று கொண்டு முகத்தை ஆறு விழுக்காட்டளவு ஒடுக்கிவிடும். அன்பர் இதுகாறும் கணினியில் கண்டு வந்த தந்தையார், உண்மையில் இருந்ததைவிட ஒல்லி! கோப்பின் பண்புகளில் புள்ளியின் வடிவத்தைப் பால், நான்குக்கு மூன்று என்று குறித்ததும் சரியாயிற்று.

சரியாயிற்று என்பதை எப்படி அறிவது? முகத்தை நம்பக் கூடாது. நம் கண் எந்த முகத்திற்கும் பழகிவிடும். காட்சியில் வட்டமான பொருள் ஒன்றைத் தேட வேண்டும். கல்யாண மண்டபத்துச் சுவரில், மணமேடைக்கு நேர் மேலே, ஒரு கடிகாரம் இருந்தது. திரையின்மீதே அளவுகோலை வைத்து அகலமும் உயரமும் பார்த்தோம். இரண்டும் ஒன்றாக இருந்தன.

அன்று மாலை அன்பருடன் அவர் இல்லம் சென்றோம். அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். நாமும் நம் திறமையைக் காட்டும் ஆவலில், "பாட்டி, அந்தக் கடிகாரம் வட்டமாகத் தெரிகிறதா பாருங்கள்" என்றோம்.

"கடிகாரம் கிடக்கட்டும் அப்பா. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக அவர் போகிறாரே, அதை இன்னொரு தரம் போடு" என்றார்.

நான்கு தரம் போட்டோம்.