அந்த மாமியாருக்கு என்னதான் வேணும்?

உங்க வீட்டு ஹால் டிவியில யூடியூப் ஹிஸ்டரியை ஒரு தடவை திறந்து பாருங்க. உங்க ஃபோன் இல்ல, டிவி. நீங்க பார்த்த கேட் கோச்சிங் வீடியோவுக்கும் அப்பா பார்த்த நியூஸுக்கும் நடுவுல கண்டிப்பா ஒண்ணு மாட்டும். இந்தப் பக்கம் கண்ணுல தண்ணியோட ஒரு மருமகள், அந்தப் பக்கம் இடுப்புல கை வச்ச ஒரு மாமியார், நடுவுல கொட்டை எழுத்துல தலைப்பு. ஏழை மருமகள், பணக்கார மருமகள், குண்டு மருமகள், கருப்பு மருமகள், மாயப் பானை, மாய ஆடு. எந்தச் சேனல்னு பேர் சொல்லப் போறதில்ல. சொல்லியும் பிரயோஜனம் இல்ல, பத்து சேனல்லயும் அதே ஓட்டு வீடு, அதே திண்ணை, அதே புடவைதான். சிலதை அப்படியே தெலுங்குலயும் இந்தியிலயும் பார்க்கலாம், குரல் மட்டும் மாறும்.

ராயப்பேட்டையில எங்க வீட்ல இதுக்கு ரெண்டு ரசிகர்கள் இருக்காங்க. எழுபது தாண்டின பாட்டி, அஞ்சு வயசு அக்கா பொண்ணு. நான் ஹாஸ்டல் இல்ல, டே ஸ்காலர். அதனால நாலு வருஷமா நானும் கட்டாயப் பார்வையாளர். நெட்வொர்க் தியரி படிச்ச நேரத்தைவிட இந்த மாமியார் கத்தினதைக் கேட்ட நேரம் அதிகம்.

இவ்வளவு ஓடியும் நாம யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. நோலன் படத்துல எந்த டைம்லைன் எங்க சேருதுன்னு கேன்டீன்ல ரெண்டு பீரியட் சண்டை போடுவோம். இதுக்கு மட்டும் ‘கிரிஞ்ச்’னு ஒரே வார்த்தை, முடிஞ்சது. அது விமர்சனம் இல்லைங்க, மூஞ்சியைத் திருப்பிக்கறது. இதையும் ஒரு சீரிஸா மதிச்சு, கதை எப்படி இருக்கு, கேரக்டர் எப்படி இருக்குன்னு கேட்டுப் பார்த்தா என்ன?

முதல்ல ஒரு விஷயத்தை ஒதுக்கி வச்சிடலாம். இதுல அனிமேஷன் மட்டம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது ஒரு குறையாவே படல. அவங்க பண்றது கட்-அவுட் முறை. தலை தனி, மேல்கை தனி, முழங்கை தனின்னு ஒரு தடவை வரைஞ்சு, மூட்டு மாட்டி வச்சிட்டா, அப்புறம் நூறு எபிசோடுக்கும் அதே பொம்மைதான். வாய்க்கு அஞ்சாறு வடிவம். நடக்கறதுக்கு ஒரே அசைவு, திரும்பத் திரும்ப ஓடும். ரெண்டு மூணு பேர் உட்கார்ந்து வாரத்துக்கு இத்தனை எபிசோடுன்னு தள்ளணும்னா வேற வழி கிடையாது. சௌத் பார்க்கோட முதல் எபிசோடு 1997-ல வந்தப்போ அது உண்மையிலேயே கலர் காகிதத்தை வெட்டி ஒட்டி எடுத்ததுதான். நீனா பேலி ‘சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்’ படத்தைப் பெரும்பாலும் தனி ஆளா, வீட்டு கம்ப்யூட்டர்ல ஃப்ளாஷ் வச்சு எடுத்தாங்க, 2008-ல. அதுல ராமாயணத்தைச் சொல்றது மூணு நிழல் பொம்மைங்க. அதுக்குக் குரல் குடுத்த மூணு இந்தியர்களும் எழுதி வச்ச வசனத்தைப் பேசல. "அப்படியா நடந்தது, இல்லையே"ன்னு அவங்கவங்க ஞாபகத்துல இருக்கற கதையை வச்சு ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கிட்டே பேசறாங்க. பொம்மை அசையறது ரொம்பக் கம்மி. நீங்க கண்ணை எடுக்க மாட்டீங்க.

அமெரிக்கா வரைக்கும்கூடப் போக வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்து இதே கட்-அவுட்தான். ஆட்டுத்தோல்ல வெட்டின உருவம், பல பொம்மைக்கு அசையறது ஒரு கை மட்டும். திரைக்குப் பின்னாடி ஒரே ஆள் ராமனுக்கும் பேசுவார், ராவணனுக்கும் பேசுவார். ஆனா ராமாயணத்துக்கு நடுவுல உச்சிக்குடும்பன், உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிங்க நுழைஞ்சு ஊர்க்கதை, அன்னைக்குப் பேப்பர்ல வந்த கதை எல்லாத்தையும் இழுத்துப் போடுவாங்க. அந்த ரெண்டு பேரையும் நீங்க மறக்க முடியாது, ஏன்னா ஒருத்தன் பேசற மாதிரி இன்னொருத்தன் பேச மாட்டான். நம்ம யூடியூப் மருமகள்கள்ல எந்த ரெண்டு பேரை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. கண்ணை மூடிக் கேட்டா யார் யாருன்னு சொல்ல முடியுமா?

இழுவை இருக்கே, அது வேற கதை. அதுக்கும் ஒரு காரணம் உண்டு. வீடியோவுக்கு நடுவுல விளம்பரம் போடணும்னா முன்னாடி பத்து நிமிஷம் ஓடணும், 2020 ஜூலையிலிருந்து எட்டு நிமிஷம் போதும்னு யூடியூப் மாத்திடுச்சு. மூணு நிமிஷக் கதையை எட்டுக்கு இழுத்தா என்ன ஆகும்? மருமகள் அழுவா. கிணத்துக்கு நடந்து போவா. அங்க போய் அழுவா. திரும்பி நடந்து வருவா. சம்பாதிக்கற வழி அது, அதுல எனக்குப் பெரிய கோபம் இல்ல. எட்டு நிமிஷம் நிறைய நேரம்ங்கறதுதான் என் வாதமே. அந்த நேரத்துல ஒரு மனுஷியைக் காட்டியிருக்கலாம்.

மெயின் பிரச்சனை மாமியார். அந்த அம்மாவுக்கு என்ன வேணும்? நாலு வருஷமா யோசிக்கறேன், பதில் இல்ல. மருமகளுக்குப் பழைய சோறு போடறாங்க. ஏன்? வீட்ல அரிசி இல்லையா? பையன் கைவிட்டுப் போயிடுவான்னு பயமா? அவங்க மாமியார் அவங்களுக்கு அதைத்தான் போட்டாங்களா? ஒண்ணும் கிடையாது. மாமியார்னா கெட்டவங்க, கெட்டவங்கன்னா பழைய சோறு, அவ்வளவுதான் லாஜிக். சரி, மருமகளுக்காவது ஏதாவது வேணுமா? அவளுக்கு ஒண்ணுமே வேணாம். தையல் கத்துக்கணும்னு ஆசை கிடையாது, அம்மா வீட்டுக்குப் போகணும்னு இருக்காது, ஒரு நாள் ஆறு மணி வரைக்கும் தூங்கணும்னுகூட இருக்காது. பொறுத்துக்கறதுதான் அவளோட ஒரே குணம்.

2025 செப்டம்பர்ல சத்யம்ல ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்’ பார்த்தவங்க நம்ம டிபார்ட்மென்ட்லயே பாதிப் பேர் இருப்பீங்க. தமிழ் டப்பிங்லயும் வந்துச்சு. (இன்னும் பார்க்காதவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க.) அந்தப் படத்துல சண்டைக்கு நடுவுல படத்தையே நிறுத்திட்டு, அகாஸாவோட பழைய வாழ்க்கைக்குப் போறாங்க. நோயாளி அப்பாவுக்கு மருந்து வாங்கப் பிக்பாக்கெட் அடிச்ச பையன் அவன். முந்தின படத்துல ரெங்கோகுவைக் கொன்னவன் அவன்தான், அதுக்காக அவனைத் திட்டின அதே ஆட்கள் இப்போ அவனுக்காக மூக்கை உறிஞ்சிட்டு இருந்தாங்க. நானும்தான். மனுஷனைத் தின்ற அரக்கனுக்கு ஒரு அப்பா இருந்திருக்கார். நம்ம மாமியாருக்கு ஒரு நேத்துகூடக் கிடையாது.

‘பெரிய ஸ்டுடியோ, காசு இருக்கு, பண்றாங்க’ன்னு சொல்லாதீங்க. ஒரு கேரக்டருக்கு ஆசையைக் கொடுக்கக் காசு ஆகாது. 2023 அக்டோபர்ல யூடியூப்ல வந்த ‘அமேசிங் டிஜிட்டல் சர்க்கஸ்’ பைலட்டைப் பாருங்க. பாம்னி அந்த உலகத்துக்குள்ள வந்து விழுந்த கொஞ்ச நேரத்துலயே அவளுக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரிஞ்சிடும்: வெளிய போற கதவு. அப்புறம் எபிசோடு முழுக்க நாமளும் அந்தக் கதவைத்தான் தேடுறோம்.

இதெல்லாம் சும்மா ரசனை விஷயம்னா நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். போன மாசம் அக்கா பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். புதுசா ஒரு பொம்பளை ஸ்க்ரீன்ல வந்தாங்க. இன்னும் வாயே திறக்கல. "சித்தி, இவங்க கெட்டவங்க"ன்னா. எப்படிடி தெரியும்னு கேட்டேன். "கலரைப் பாரு." அப்போ யார் நல்லவங்கன்னு கேட்டதுக்கு, "அழுறாங்கல்ல, அவங்க"ன்னா. ரொம்பத் தெளிவா, ஒண்ணாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. அவ என் கலர். எங்க குடும்பத்துல எல்லாரும் இந்தக் கலர்தான். அவ சொன்னது அந்த சீரிஸ் விஷயத்துல நூத்துக்கு நூறு சரி, அதுதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. கேரக்டர் எழுதத் தெரியாதவங்க தோலுக்குக் கலர் அடிச்சு கேரக்டரைக் காட்டறாங்க. குண்டா இருந்தா சோம்பேறி, கருப்பா இருந்தா பொறாமை, சிவப்பா ஒல்லியா அழுதா நல்லவ. அந்த ஃபார்முலாவை ஒரு அஞ்சு வயசுக் குழந்தை எனக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிட்டா.

முடிவும் அதே லட்சணம்தான். ஒரு மாயப் பானை கிடைக்கும், மருமகள் பணக்காரி ஆவா, மாமியார் கால்ல விழுந்து "என்னை மன்னிச்சிடும்மா" சொல்வாங்க, அப்புறம் ஒரு குரல் வந்து இந்தக் கதையின் நீதி என்னவென்றால்னு ஆரம்பிக்கும். யாரும் எதையும் முடிவு பண்ணல, யாரும் எதையும் இழக்கல, எல்லாத்தையும் பானை பார்த்துக்கிச்சு. பானை கிடைக்காத மருமகள் என்ன பண்ணணும்? அதைக் கேட்க அந்தக் குரலுக்கு நேரம் இல்ல.

இது நம்ம மரபு, நீதிக்கதைன்னா அப்படித்தான் இருக்கும்னு சீனியர் ஒருத்தர் என்கிட்ட சொன்னார். நான் ஒத்துக்கல. விக்ரமாதித்தன் வேதாளம் கதையை யோசிங்க. 1947-ல சென்னையில ஆரம்பிச்ச அம்புலிமாமாவுல அது பல வருஷம் ஓடுச்சு. தோள்ல பிணத்தைத் தூக்கிட்டு, கையில வாளோட நடக்கற ராஜாவை வரைஞ்ச ஓவியர் சங்கர் 2020-லதான் இறந்துபோனார். தாத்தா பரண்ல வச்சிருந்த பழைய இதழ்ல அந்தப் படத்தைத்தான் நான் முதல்ல பார்த்தேன். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததே அதுலதான், ஸ்கூல்ல தமிழ் செகண்ட் லாங்குவேஜ். வேதாளம் கதை சொல்லி முடிச்சிட்டு நீதி சொல்லாது, கேள்வி கேட்கும். பதில் தெரிஞ்சும் சொல்லலைன்னா ராஜாவோட தலை வெடிக்கும். பதில் சொன்னா மௌனம் கலைஞ்சிடும், வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போயிடும். ஒரு சீரிஸ் ஓடறதுக்கு இதைவிட நல்ல இன்ஜின் யாராவது டிசைன் பண்ணியிருக்காங்களா? இத்தனைக்கும் அந்தக் கேள்விகள் சுலபம் இல்ல. கதையில வர்ற மூணு பேருமே ஏதோ ஒரு வகையில சரியாத்தான் இருப்பாங்க, அதுல யார் பெரியவங்கன்னு கேட்கும். நம்ம மரபு அது. பானை எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.

பாட்டிகிட்டயே கேட்டேன், ஏன் இதைப் பார்க்கறீங்கன்னு. "எங்க மாமியாருக்கு முன்னாடி இவ எல்லாம் ஒண்ணுமே இல்ல"ன்னு ஆரம்பிச்சு ஒரு கதை சொன்னாங்க. கல்யாணம் ஆகி வந்தப்போ இதே ராயப்பேட்டையில ஒரு சந்து வீடு. மாமியார் அரிசி டிரம்முக்குப் பூட்டு போட்டு, சாவியை இடுப்புல சொருகி வச்சிருப்பாங்களாம். தினமும் அவங்களே வந்து ஆழாக்கால அளந்து கொடுத்துட்டு மறுபடி பூட்டிடுவாங்க. பாட்டிக்கு அது பெரிய அவமானம். பின்னாடி பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு: புருஷன் செத்தப்போ அந்த மாமியாருக்கு முப்பதுகூட ஆகல, மூணு பிள்ளைங்க, ஒரு வருஷம் கஞ்சித் தண்ணியிலயே ஓட்டியிருக்காங்க. அன்னையிலேர்ந்து அந்தப் பூட்டு. பாட்டி என் அப்பாவை வயித்துல சுமந்தப்போ, ஒரு நாள் விடியக்காலையில எழுந்து பார்த்தா தலைகாணிப் பக்கத்துல அந்தச் சாவி இருந்திருக்கு. மாமியார் அதைப் பத்தி அன்னைக்கும் பேசல, சாகற வரைக்கும் பேசல. ரசம் சரியில்லைன்னு திட்டறதையும் நிறுத்தல.

அவங்க நல்லவங்களா பாட்டின்னு கேட்டேன். "யாருக்குத் தெரியும்"னு சொல்லிட்டு ரிமோட்டை எடுத்துக்கிட்டாங்க.

இதுக்கு எத்தனை பொம்மை வேணும்னு கணக்குப் பண்ணிப் பாருங்க. மாமியார், மருமகள், பக்கத்து வீட்டு அம்மா, மூணு ரிக். ஒரு சமையல் அறை, ஒரு திண்ணை. டிரம், பூட்டு, ஆழாக்கு, சாவி. அந்தச் சேனல்கள்கிட்ட இது எல்லாமே ஏற்கனவே இருக்கு, பூட்டை மட்டும் புதுசா வரையணும். சாவி தலைகாணிப் பக்கத்துல இருக்கற ஷாட்டுக்கு லிப் சிங்க்கூடத் தேவையில்ல. எட்டு நிமிஷம் தாராளமா வரும், விளம்பரமும் போட்டுக்கலாம்.

‘உழைச்சுப் பிழைக்கறவங்களை இப்படிக் கிழிக்கணுமா’ன்னு சிலர் கேட்பீங்க. இஷ்டம் போல கிழிக்கல, நாலு வருஷம் பார்த்துட்டுத்தான் பேசறேன். லட்சக்கணக்குல வியூஸ் வாங்கற ஒரு விஷயத்தைப் பாவம்னு விட்டுடறதுலதான் மரியாதை இல்ல. அதோட இது அவங்களுக்கு மட்டும் சொல்றதும் இல்ல. நம்ம காலேஜ்ல பிளெண்டர் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்கீங்க? ‘ஃப்ளோ’ முழுக்க பிளெண்டர்ல எடுத்த படம், 2025-ல ஆஸ்கார் வாங்கிச்சு. அதுல ஒரு வசனம்கூடக் கிடையாது, ஒரு பூனைக்கு என்ன வேணும்னு மட்டும் நமக்குப் புரியும். அந்த சாஃப்ட்வேரை இலவசமா டவுன்லோடு பண்ணி நாம பண்றது என்ன? டோனட் டுடோரியல், அப்புறம் சிம்போசியத்துக்கு லோகோ சுத்தற வீடியோ.

மாமியாருக்குக் குரல் கொடுக்க எங்க பாட்டி ரெடி, சம்பளமா ஃபில்டர் காஃபி கேட்டிருக்காங்க. மருமகள் குரலுக்கு ஆள் வேணும், அழத் தெரியணும்னு அவசியம் இல்ல. ரிக் பண்ணத் தெரிஞ்ச ரெண்டு பேர் இந்த செமஸ்டர் முடியறதுக்குள்ள எடிட்டோரியல் டீம்ல பேர் கொடுங்க. ஒரே ஒரு கண்டிஷன், எல்லாருக்கும் எங்க வீட்டுக் கலர்தான்.