நவம்பர் 1: ஏன் அந்த நாள் என்று கேளுங்கள்

'வரலாற்றில் இன்று' என்று பத்திரிகைகளில் வரும் கட்டத்தை நான் விடாமல் படிப்பவன். விளவங்கோடு வட்டத்துப் பள்ளியொன்றில் நான் வரலாறு நடத்திய காலமெல்லாம் காலைப் பிரேயரில் மாணவர்கள் அதைத்தான் வாசித்தார்கள். நவம்பர் 1 என்றால், 1755 லிஸ்பன் நிலநடுக்கம், 1858 விக்டோரியா பிரகடனம், 1954 புதுச்சேரி, 1956 மொழிவாரி மாநிலங்கள். வாசித்து முடித்ததும் பிள்ளை வரிசைக்குத் திரும்பிவிடும். ஏன் அந்த நாள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கும்படி அந்தக் கட்டம் எழுதப்படுவதும் இல்லை. இது மாற வேண்டும்.

லிஸ்பனையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். 1755-ல் அன்று காலை பூசை நேரத்தில் பூமி ஆடியபோது தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. கூரைகள் வழிபட வந்தவர்கள் மேலேயே விழுந்தன. மெழுகுவர்த்தியிலும் அடுப்பிலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. உயிர்தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடலலை வாரிக்கொண்டு போனது. அந்தப் பேரழிவில் தேதிக்கும் பங்கு உண்டு. பிறகு போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால், பங்குதோறும் கேள்வித்தாள் அனுப்பினார். எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் கேட்டு வாங்கினார். நிலநடுக்க அறிவியலின் தொடக்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் உறவுகளைப் பறிகொடுத்த எங்கள் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விகளின் அருமையை விளக்க வேண்டியதே இல்லை.

1858-ல் அலகாபாத்தில் கானிங் பிரபு விக்டோரியா பிரகடனத்தை வாசித்ததும், கம்பெனி ஆட்சி முடிந்து இந்தியா நேரடியாக மகாராணியின் கைக்குப் போனதும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அங்கே இல்லாதது 1954.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ம் தேதி புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதம், 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அதே தேதியின் அதிகாலை, கடலுக்கு அப்பால் அல்ஜீரியாவில் அதே பிரான்சுக்கு எதிராகப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. பிரெஞ்சுக் குடியேறிகள் புனிதர் திருநாள் விடுமுறையில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அல்ஜீரிய விடுதலை முன்னணியினர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பேரரசு, ஒரே பிரதமர் மெண்டஸ் பிரான்ஸ். புதுச்சேரியைப் பேசி ஒப்படைத்த அவர், சுமார் பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியிருந்த அல்ஜீரியாவைப் பிரான்சின் பகுதி என்றே சொல்லிப் படை அனுப்பினார். போர் ஏறத்தாழ எட்டு ஆண்டு நடந்தது. புதுச்சேரிக்கான ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது 1962-ல், அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. 'புதுச்சேரி இணைந்தது' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது, கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட எழுந்துபோய் உலகப் படத்தில் அல்ஜீரியாவைத் தேடினார்கள்.

1956 எங்கள் சொந்தக் கதை. என் தகப்பனார் வைத்திருந்த நிலப் பத்திரங்களில் பழையது மலையாளத்தில் இருக்கிறது. தேதி, கொல்லம் 1124 மேடம். அதற்கடுத்தது தமிழில் இருக்கிறது. இரண்டும் ஒரே தென்னந்தோப்புக்கு உரியவை. இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நவம்பர் 1 நிற்கிறது. துன்முகி ஆண்டு ஐப்பசியில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. தானாக வந்த நாளா இது? சென்னை மாநிலத்தோடு சேரக் கோரி நேசமணி தலைமையில் ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் விழுந்த உயிர்கள் இருக்கின்றன. வடக்கே திருத்தணி நம்மோடு சேர 1960 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 1-ஐக் கேரளத்தில் பிறந்தநாளாகவும் கர்நாடகத்தில் ராஜ்யோத்சவமாகவும் கொண்டாடுகிறார்கள். நமக்கோ மாநில நாள் எது என்பதே பெரிய விவாதமானது. 1967-ல் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிய ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என்று 2021-ல் அரசு அறிவித்தது. பெயருக்கு அதுவே பொருத்தமான நாள் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எல்லையைத் தந்த நாளைக் குமரிக்காரர்களின் உள்ளூர் விசேஷமாகச் சுருக்கிவிடுவது நியாயமில்லை. அன்று மாறியது ஒரு மாவட்டத்தின் கதை மட்டுமில்லை. மலபார் நம்மை விட்டுப் போனது, தென் கன்னடம் போனது, கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தின் பெரும்பகுதிக் கோடுகள் அன்று விழுந்தவை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தில் பத்து நிகழ்வு வேண்டாம். ஒன்றே ஒன்று போடுங்கள், ஏன் அந்த நாளில் நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியத் தோழர்களே, இந்த நவம்பர் 1-க்கு உங்கள் பள்ளி பிரேயரில் கீழூரின் 178 பேரையும் புதுக்கடையில் சுடப்பட்டவர்களையும் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்.