கைப்பட எழுதிய பெயர்



நம் வாலிபருள் சிலர் நாஸ்கார் பந்தய ஓட்டுநர்கள் கையொப்பமிட்ட அட்டைகளைச் சேகரித்து, பிளாஸ்டிக் உறைகளில் இட்டுப் பேணுகிறார்கள். இது விக்கிரகாராதனைக்கு ஒப்பானதல்லவா என்று பெற்றோர் சிலர் கவலையோடு கேட்கிறார்கள். சார்லட் நகரத்தில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்துக் கேள்வியன்று. பந்தய அணிகள் பலவற்றின் பட்டறைகள் நம் வீடுகளுக்கு அருகில்தான் இருக்கின்றன; 2010-இல் திறக்கப்பட்ட நாஸ்கார் புகழ்மண்டபமும் நம் நகரின் நடுவிலேயே நிற்கிறது. ஊரில் கிரிக்கெட் வீரரின் கையெழுத்துக்காகக் காத்து நின்ற தகப்பன்மாரின் பிள்ளைகள் இங்கே வேறொரு வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவே.

அதை விக்கிரகாராதனை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியை நான் எதிர்க்கிறேன். எந்தப் பகுதி என்பதை விளங்கிக்கொள்ள, அட்டைகளில் இரு வகை உண்டு என்பதை முதலில் அறியவேண்டும்.

ஒன்று, 'ஹீரோ கார்டு' எனப்படுவது. ஓட்டுநரின் படத்தையும் அவருடைய வாகனத்தின் படத்தையும் அச்சிட்டு அணியினரே இலவசமாக வழங்கும் பெரிய அட்டை அது. பிள்ளை வரிசையில் நிற்கிறான். ஓட்டுநர் அவன் பெயரைக் கேட்டுக் கையொப்பமிடுகிறார். ரிச்சர்ட் பெட்டி இதில் பேர்பெற்றவர். 200 பந்தயங்களை வென்று ஏழுமுறை சாம்பியனான அவர், கிறுக்கித் தள்ளாமல், வளைவும் சுழிவுமாக, வாசிக்கத்தக்க விதத்தில் தம் பெயரை எழுதித் தருவார். எளிய ரசிகனுக்கும் அதே எழுத்துத்தான்.

மற்றொன்று கடையில் விற்கும் பொட்டலம். 1988-இல் மேக்ஸ் நிறுவனம் 100 அட்டைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டபோது இந்த வியாபாரம் பரவலாயிற்று. பின்னாளில் உற்பத்தியாளர்கள் ஓட்டுநரின் கையொப்பமுள்ள அட்டைகளைச் சில பொட்டலங்களில் மட்டும் மறைத்து வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. சிலவற்றில் கையொப்பமும் அட்டையின்மேல் இட்டதன்று. ஒளிபுகும் ஒட்டுத்தாள்களில் ஓட்டுநர் வரிசையாகக் கையெழுத்திட்டு அனுப்ப, நிறுவனம் பின்னர் அவற்றை ஒட்டுகிறது. தம் பெயர் தாங்கிய அந்த அட்டையை அவர் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்!

பொட்டலத்தைக் கிழிக்கும்போது நெஞ்சில் எழும் படபடப்பைக் கவனியுங்கள். இந்த முறை கிடைக்கவில்லை, அடுத்ததில் கிடைக்கும் என்று கை மீண்டும் பணப்பையைத் தேடுகிறது. சட்டம் அதற்கு என்ன பெயரிட்டாலும், சூதாட்டத்தின் இச்சை அங்கே வேர்விடுகிறது என்பதே என் கணிப்பு. பிறந்தநாள் பரிசாக அத்தகைய பெட்டிகளைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதிருங்கள். வரிசையில் நிற்க அழைத்துச் செல்லுங்கள். அதற்குப் பணமன்று, உங்கள் நேரமே வேண்டும். பெரும்பாலும் அதைக் கொடுப்பதுதான் நமக்குக் கடினமாயிருக்கிறது.

ஒருவர் தம் கையால் எழுதியதை விரும்புவது மனிதனுக்கு இயல்பு. இந்த இடத்தில் நான் ஏசாயா 49-ஆம் அதிகாரத்துக்குப் போவேன் என்று பலர் எதிர்பார்ப்பீர்கள். அது அடிக்கடி பிரசங்கிக்கப்பட்ட பகுதி. நான் நினைப்பது அப்போஸ்தலனாகிய பவுலை. ரோமருக்கான நிருபத்தை அவர் சொல்லச்சொல்லத் தெர்தியு எழுதினான். ஆனால் பல நிருபங்களின் முடிவில் பவுல் தாமே எழுதுகோலை வாங்கிக்கொள்கிறார். கலாத்தியருக்குப் பெரிய எழுத்துகளில் எழுதுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலோ, தம் கையெழுத்தே ஒவ்வொரு நிருபத்துக்கும் அடையாளம் என்கிறார். ஏன்? தம்முடைய பெயரில் வேறு நிருபம் வந்தாலும் கலங்கவேண்டாம் என்று அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். போலிக் கையொப்பம் புதிய தந்திரமன்று. 1990-களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க 'ஆபரேஷன் புல்பென்' என்னும் நடவடிக்கையையே மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

பிலேமோனுக்கு எழுதியது இன்னும் நெருக்கமானது. ஒனேசிமுவின் கடனைத் தாமே தீர்ப்பதாகப் பவுல் தம் கைப்பட எழுதிக்கொடுக்கிறார். அந்தக் கையொப்பம் கண்டு மகிழ்வதற்கானதன்று, எழுதியவரையே கடன்காரராக்கியது.

எசேக்கியா வெண்கலச் சர்ப்பத்தை உடைத்த வரலாற்றை இதற்கு எதிராகக் காட்டலாம். அது தேவனுடைய கட்டளையின்படியே மோசே செய்தது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோதுதான் உடைக்கப்பட்டது. 1996-இல் பிரஸ் பாஸ் நிறுவனம் பந்தய டயரின் துண்டுகளைப் பதித்த அட்டைகளை வெளியிட்டது. ரப்பர் துண்டைப் போற்றுவது எனக்குச் சற்று நகைப்பைத் தருகிறது. எனினும் எவரும் அதற்குத் தூபங்காட்டி நான் கண்டதில்லை.

இறுதியாக டேல் எர்ன்ஹார்ட். அவரும் ஏழுமுறை சாம்பியன். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் விபத்துக்குள்ளாகி மரித்தார். அந்தக் கை இனி எழுதாது என்பதனாலேயே அவர் கையொப்பமிட்ட அட்டைகளைச் சேகரிப்போர் மிகுந்த ஆவலோடு தேடுகிறார்கள். ஆனால் அவருடைய வாகனத்தில் வேறொருவர் கைப்பட எழுதிய சீட்டு ஒன்றும் இருப்பது வழக்கம். சக ஓட்டுநர் டாரல் வால்ட்ரிப்பின் மனைவி ஸ்டீவி, பந்தய நாட்களில் தம் கணவருக்கு வேதவசனம் எழுதித் தருவார். எர்ன்ஹார்ட்டும் தமக்கொன்று வேண்டுமென்று கேட்டுப் பெற்று வந்தார். அவருடைய கடைசிப் பந்தயத்தன்று அச்சீட்டில் இருந்தது நீதிமொழிகள் 18:10. கர்த்தருடைய நாமத்தை நீதிமான் ஓடி அடையும் அரணாகச் சொல்லும் வசனம். உங்கள் பிள்ளை எர்ன்ஹார்ட்டின் அட்டையைக் காட்டும்போது இந்தச் சீட்டைப் பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள்.