சந்தைக்கு வழி கேட்டவரும் வாசலைத் திறந்தவரும்

தென் மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் பேருந்துகள் வைகறைப் பொழுதில் கிளாம்பாக்கத்தில் வந்து நிற்கின்றன. 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த முனையத்தில் நாள்தோறும் இறங்குவோருள் ஒரு சாராரைக் கண்டவுடனேயே இனங்கண்டுகொள்ளலாம். தோளில் ஒரு பை; கையில் சான்றிதழ்கள் அடங்கிய உறை; கண்களில் சென்ற இரவின் உறக்கமின்மை. வேலை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடும், கைம்பொருள் சில ஆயிரம்தானே என்ற கவலையோடும் அவர்கள் மாநகருக்குள் அடியெடுத்து வைக்கிறார்கள். அந்தச் சில ஆயிரம் கரைவதற்குள் முதல் மாதச் சம்பளம் வந்துவிட வேண்டும் என்பதே அவர்களுடைய கணக்கு. பெரும்பாலும் அந்தக் கணக்கு தவறிவிடுகிறது.

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. வெள்ளிக்கிழமையின் பெயரைத் தாங்கிய திருமறையின் 62-ஆவது அத்தியாயம், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு பணிக்கிறது. தொழுகைக்கு அழைக்கும் அதே வாய்மொழி, தொழுது முடித்தவனை உழைக்கவும் அனுப்பிவைக்கிறது. ஆதலின் ஹலாலான இரணத்தைத் தேடி மூட்டையைக் கட்டும் இளைஞன் இறைவனின் கட்டளைக்குப் புறம்பாகப் போகிறவன் அல்லன். அந்தக் கட்டளையை நிறைவேற்றவே அவன் போகிறான்.

நிற்க. சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், ஹவுளுக்கு அருகே தயங்கி நின்ற ஓர் இளைஞர் எளியேனை அணுகி ஸலாம் கூறினார். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரகடம் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. மாதச் சம்பளம் 17,000 ரூபாய். தந்தை காலமாகிவிட்டார். ஊரில் தனித்திருக்கும் தாயையும் தங்கையையும் அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள ஒரு சிறு வீடு பார்த்திருந்தார். வாடகை 6,000 ரூபாய். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். இளைஞரின் கையில் இருந்ததோ 12,000. அதுவும் தாயின் காதணியை அடகு வைத்துப் பெற்றது.

"ஹஜ்ரத், எனக்கு ஒரு மஸ்அலா தெரிய வேண்டும். தெரிந்தவர் ஒருவர் ஐம்பதாயிரம் தருகிறேன் என்கிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. வேறு வழி இல்லாதவனுக்கு அது கூடுமா?" என்று கேட்டார்.

வட்டி கூடாது என்பதை விளக்கினேன். அது எத்தகைய பாவம் என்பதை எடுத்துரைத்தேன். மாதம் 2,500 ரூபாய் வட்டியாகப் போகும், ஆண்டு முடிவில் 30,000 ரூபாய் கட்டியிருந்தாலும் முதலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திராது என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். வாடகையும் வட்டியும் போக எஞ்சும் 8,500 ரூபாயில் மூன்று பேர் எப்படி உண்டு உடுப்பது என்றும் கேட்டேன். இளைஞர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி ஹஜ்ரத், து.ஆச் செய்யுங்கள்" என்று கூறிவிட்டுச் சென்றார். மறு வாரம் அவரைக் காணவில்லை. அதன் பின்னரும் காணவில்லை.

அன்றிரவு எளியேனுக்கு உறக்கம் வரவில்லை. சொன்ன தீர்ப்பில் பிழையில்லை; கிதாபுகளில் உள்ளதையே சொன்னேன். ஆனால் அவர் கேட்டது ஒரு வாசல். நான் காட்டியதோ, ஒரு வாசல் மூடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே. திறந்திருக்கும் வாசல் எது என்பதை நான் காட்டவில்லை. காட்டுவதற்கு அப்படியொரு வாசலை நாம் கட்டி வைத்திருக்கவும் இல்லை.

இந்நிலையில் நாம் மிம்பர்களில் அடிக்கடி எடுத்துரைக்கும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. கி.பி. 622-இல் மக்காவைத் துறந்து மதீனாவுக்கு வந்த நபித்தோழர்களுள் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் ஒருவர். பிறந்த ஊரில் வாணிகம் செய்தவர். புதிய ஊருக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை மதீனாவாசியான ஹஜ்ரத் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுடன் சகோதரராக இணைத்துவைத்தார்கள். ஸஅது (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியை அவருக்கு அளிக்க முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக இறைவனிடம் பரக்கத்தை வேண்டிவிட்டு, சந்தை எங்கிருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா குலத்தாரின் சந்தை காட்டப்பட்டது. உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று இலாபம் ஈட்டினார்கள். சிறிது காலத்தில் திருமணமும் செய்துகொண்டார்கள். பேரீச்சங்கொட்டை ஒன்றின் எடையளவு பொன்னை மஹராக அளித்தார்கள். பிற்காலத்தில் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக விளங்கினார்கள்.

இவ்வரலாற்றைச் சொல்லி நாம் இளைஞர்களுக்கு என்ன உபதேசம் செய்கிறோம்? "பிறர் கையை எதிர்பாராதே, சந்தைக்கு வழி கேள், உன் காலில் நில்" என்கிறோம். நல்ல உபதேசமே. ஆனால் இது வரலாற்றின் பிற்பாதி. முற்பாதி என்ன? சந்தைக்கு வழி கேட்டவர், தெருவில் நின்று அதைக் கேட்கவில்லை. ஒரு சகோதரரின் வீட்டில் இருந்துகொண்டு கேட்டார். அன்றிரவு தலைசாய்க்க அவருக்கு இடமிருந்தது. வட்டிக்காரரின் வாசலுக்குச் செல்லும் தேவை அவருக்கு எழவே இல்லை. அப்துர் ரஹ்மானின் தன்மானத்தை நாம் வந்தவனிடம் கேட்கிறோம். ஸஅதின் வாசலைத் திறக்க மட்டும் மறந்துவிடுகிறோம். பாதி வரலாற்றைச் சொல்லி முழு நன்மையை எதிர்பார்ப்பது நியாயம்தானா?

மதீனாவில் ஸஅது (ரலி) ஒருவர் மட்டும் வாசலைத் திறக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. அன்சாரிகள் தங்கள் பேரீச்சந்தோப்புகளைப் பங்கிட்டுத் தர முன்வந்தபோது பெருமானார் (ஸல்) அதனை ஏற்கவில்லை. வந்தவர்கள் தோப்பில் உழைப்பது, விளைச்சலில் பங்கு பெறுவது என்ற ஏற்பாடு உண்டாயிற்று. உறவும் வீடும் அற்றவர்கள் பள்ளிவாசலின் ஒரு பகுதியில் நிழற்கூரையின் கீழ்த் தங்கினார்கள். அவர்களையே நாம் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். ஆயிரக்கணக்கான நபிமொழிகளை அறிவித்த ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அந்தத் திண்ணையில் வாழ்ந்தவர்களுள் ஒருவர். உழைக்க வழி, உறங்க இடம், உறவுக்கு ஒரு சகோதரர் என்ற மூன்றும் புதிதாக வந்தவனுக்கு அந்த ஊரில் கிடைத்தன.

இன்று நம் நகரங்களின் நிலை என்ன? முன்பணம் என்பதே வந்தவனின் முதற்சுவராக நிற்கிறது. தமிழகத்தில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. ஆனால் வேறுவழியற்றவன் எந்த உடன்பாட்டுக்குத்தான் தலையசைக்கமாட்டான்? பத்து மாத முன்பணம் கேட்கும் வீட்டுக்காரர்களுள் முதல் வரிசையில் நின்று தொழுபவர்களும் இருக்கிறார்கள். இதைச் சொல்ல நா கூசுகிறது. சொல்லாமலிருப்பதோ அதனினும் பிழையாகும்.

வீட்டுக்காரரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. வாடகை பாக்கி வைத்து வெளியேறியவர்களையும், வீட்டைப் பாழாக்கியவர்களையும், காலி செய்ய மறுத்தவர்களையும் அவர் கண்டிருப்பார். வாடகையையே நம்பி வாழும் விதவையரும் முதியோரும் உண்டு. அத்தகையோருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும்தான். ஆயினும், மூன்று மாத வாடகை பாதுகாப்புக்குப் போதாதா? எஞ்சிய ஏழு மாத வாடகை, இல்லாதவனிடமிருந்து இருப்பவர் பெறும் வட்டியில்லாக் கடனாக அன்றோ ஆகிவிடுகிறது! கடன் கொடுக்க வேண்டியவர் கடன் வாங்குபவராக மாறிநிற்கும் விந்தையை என்னென்பது? மேலும், பெற்ற முன்பணம் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு என்பதை மறந்து, வீடு காலியாகும் நாளில் வெள்ளையடிக்க இவ்வளவு, பழுதுபார்க்க இவ்வளவு என்று காரணமின்றிப் பிடித்துக்கொள்வோர் மறுமையின் கணக்கை அஞ்சிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று கதவடைக்கப்படும் வேதனையை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அந்த வேதனையை அறிந்தவர்கள் மற்றொருவருக்கு அதைச் செய்யலாகாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பத்துப் பேர் படுத்துறங்கி, நம் நகரங்களின் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர்களும் வந்தவர்களே. அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், எம்மொழி பேசுவோராயினும், அண்டை வீட்டாருக்குரிய உரிமை அவர்களுக்கும் உண்டு.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டங்கள் வேண்டுவதில்லை. ஒரு மஹல்லாவில் இருநூறு குடும்பங்கள் இருக்குமாயின், குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதம் இரண்டு இலட்சம் ரூபாய் திரளும். அதனை முன்பணத்துக்கான அழகிய கடன் நிதியாக ஜமாஅத் வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 20,000 வீதம் பத்துப் பேருக்கு வட்டியின்றிக் கொடுக்கலாம். மாதம் 2,000 வீதம் பத்து மாதங்களில் அது திரும்பிவரும்; அடுத்த பத்துப் பேருக்குப் பயன்படும். கடனை எழுதி வைத்துச் சாட்சிகளையும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுங்கு. எழுதுவது அவநம்பிக்கையன்று, நட்பைக் காக்கும் வேலி. இந்த ஒழுங்கோடு, மூன்று மாத முன்பணத்துக்கு இசையும் வீட்டுக்காரர்களின் பட்டியல் ஒன்றும் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்குமாயின் வந்தவனின் சுமை பாதியாகக் குறையும். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கட்டடங்களில் ஓர் அறையையேனும் புதிதாக வந்தோர் பத்து நாள் தங்குவதற்கென ஒதுக்கிவைக்கலாம். அதுவே நம் காலத்துத் திண்ணையாகும்.

ஊர்விட்டு வரும் இளைஞர்களுக்கும் சில சொற்கள். குடும்பத்தை அழைத்துவர அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று மாதங்கள் நம்பிக்கைக்குரியவர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, பணியும் சம்பளமும் உறுதிப்பட்டபின் வீடு தேடுவதே அறிவுடைமை. கையிலுள்ள பணத்தில் ஒரு பங்கை ஊர் திரும்பும் செலவுக்கென்று தனியே முடிந்து வையுங்கள். அது தோல்விக்கான ஏற்பாடன்று, பிறரிடம் கையேந்தாமலிருப்பதற்கான ஏற்பாடு. குடும்ப அட்டையைக் கொண்டு எந்த ஊரிலும் அரிசி பெறும் வசதி 2020 அக்டோபர் முதல் தமிழகத்திலும் உண்டு. குடும்பத்தோடு வருவோர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் இழிவொன்றும் இல்லை. கைபேசியில் நிமிடத்தில் கடன் தருவதாக அழைக்கும் செயலிகளின் பக்கம் போகாதீர்கள். ஊரிலுள்ள தாய்க்கு உண்மை நிலையைச் சொல்லுங்கள். வசதியாக இருப்பதாகக் காட்டிக்கொள்வதற்காகக் கடன் வாங்கிப் பெருநாள் செலவுக்குப் பணம் அனுப்புவது பாசமாகாது. ஊர் நினைவு வாட்டுகிறதா? அதற்காக வெட்கப்பட வேண்டாம். மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். பிலால் (ரலி) மக்காவின் பள்ளத்தாக்கை நினைந்து ஏங்கினார்கள். அத்தகையோருக்கே அந்த ஏக்கம் இருந்ததென்றால் நமக்கு இருப்பதில் வியப்பென்ன?

யாவற்றுக்கும் மேலாக, பெற்றதைத் திருப்பித் தருவதில் உறுதியாயிருங்கள். கி.பி. 628-இல் கைபர் வெற்றிக்குப் பின் முஹாஜிர்களுக்கு வசதி ஏற்பட்டபோது, அன்சாரிகள் முன்னர் பயன்படுத்தக் கொடுத்திருந்த பேரீச்ச மரங்களை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் கேட்பதற்கு முன் கொண்டுபோய்க் கொடுப்பவனால்தான், அடுத்து வருபவனுக்கும் வாசல் திறக்கும். ஒருவர் ஏமாற்றினால், அவருக்குப் பின்னால் வரும் பத்துப் பேருக்கு அந்த வாசல் அடைபட்டுப் போகும்.

வாசலைத் திறந்த ஸஅது (ரலி) அவர்களுக்கு அதன்பின் உலகில் வாய்த்தது மூன்றாண்டுகளே. கி.பி. 625-இல் உஹதுப் போர்க்களத்தில் அவர்கள் ஷஹீதானார்கள். பாதிச் செல்வத்தைப் பகிர முன்வந்த அந்தக் கை ஏழ்மைக்கு அஞ்சியிருந்தால், அவருடைய பெயரை இன்று நாம் அறிந்திருக்கமாட்டோம்.

அந்த இராமநாதபுரத்து இளைஞர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது எளியேனுக்குத் தெரியாது. வட்டிக்கு வாங்கினாரா, ஊர் திரும்பினாரா, நல்லவர் ஒருவர் கைகொடுத்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். இன்று ஜும்ஆ முடிந்ததும் உங்கள் பள்ளிவாசலின் ஹவுளுக்கு அருகே ஒருவர் தயங்கி நிற்கக்கூடும். ஸலாம் கூறிவிட்டுக் கடந்து போகாதீர்கள். எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வல்ல அல்லாஹ் வந்தவர்களுக்கு ஹலாலான இரணத்தையும், இருப்பவர்களுக்கு விரிந்த உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.